பணிப் பாகுபாடு

'எம்ப்ளாய்மென்ட் டிஸ்கிரிமினேஷன்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'டிஸ்கிரிமினேஷன்' லத்தீனிலிருந்து வந்த சொல். பிரித்தல் என்பது அதன் அடிப்பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் தரம் பிரித்தறியும் நுட்பத்தைக் குறித்தது; ஆளுக்கொரு நீதி என்ற கசப்பு பின்னால் ஏறியது. தமிழிலும் இதே கதைதான். 'பகு' என்ற ஒரே வேரிலிருந்து பகுத்தறிவும் பிறந்தது, பாகுபாடும் பிறந்தது. இலக்கணத்தில் பாகுபாடு என்பது வெறும் வகைப்படுத்தல். சொற்பாகுபாடு செய்த புலவர் மீது யாரும் வழக்குப் போடுவதில்லை.

சட்டம் எல்லாப் பிரிப்பையும் தடுப்பதில்லை. அமெரிக்காவில் மொன்டானா நீங்கலாக மற்ற மாநிலங்களில், ஒப்பந்தம் குறுக்கிடாதவரை, முதலாளி காரணமே சொல்லாமல் ஒருவரை நீக்கலாம். ஆனால் சட்டம் விலக்கிய காரணத்துக்காக நீக்கக் கூடாது. அந்தக் காரணங்களின் பட்டியல்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நியூயார்க் 1945இலேயே இனம், மதம், நிறம், பிறந்த நாடு ஆகியவற்றைப் பட்டியலிட்டது. கூட்டாட்சியின் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது 1964இல். அதுவும் 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களைத் தொடாது. கலிபோர்னியாவின் சட்டத்துக்கு 5 பேர் போதும். மிச்சிகன் 1976இல் உயரத்தையும் எடையையும் சேர்த்தது. கறுப்பினத்தவரின் இயல்பான முடியையும் சடைப் பின்னலையும் காட்டி வேலை மறுப்பதைக் கலிபோர்னியா 2019இல் தடுத்தது. சாதியைப் பெயர் சொல்லிச் சேர்க்கும் மசோதாவை மட்டும் 2023இல் அம்மாநில ஆளுநர் கவின் நியூசம் திருப்பி அனுப்பிவிட்டார். வம்சாவளி முதலியவை ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன, அவையே போதும் என்பது அவர் வாதம். பெயரில்லாத ஒன்றைப் புகார் மனுவில் எழுதுவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியாதா?

தமிழில் டிஸ்கிரிமினேஷனுக்குப் பாரபட்சம் என்று எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது. மைத்துனனுக்கு வேலை கொடுப்பது பாரபட்சம். பெரும்பாலும் இந்தச் சட்டங்கள் அதைக் கேட்பதில்லை. ஓரவஞ்சனை அழகான சொல். ஒருபக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்பவரை நல்வழி 'மன்றோரம் சொன்னார்' என்று சாடுகிறது. ஆனால் அதில் வஞ்சக எண்ணம் ஒட்டியிருக்கிறது. நடுநிலையாகத் தோன்றும் விதிகூட ஒரு பிரிவினரைத் தேவையின்றி வெளியே நிறுத்தினால், எண்ணத்தைப் பாராமலே சட்டம் தலையிடலாம்.

வேலைவாய்ப்புப் பாகுபாடு என்றால் ஆள் எடுக்கும் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. சம்பளமும் பதவி உயர்வும் பணிநீக்கமும் வெளியே போகின்றன. பணியிடப் பாகுபாடு என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பதாரர் விடுபடுகிறார். இரண்டையும் அடக்க, பணிப் பாகுபாடு என்பதே போதும்.