கொரோனா வந்தவங்களுக்கு இதயம் தாளம் தப்பினா முதல்ல எதை சரி பண்றாங்க?

கொரோனான்னாலே நுரையீரல்னு தான் நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. ஆனா 2020 ஜனவரில வூஹான்ல ஒரே ஆஸ்பத்திரில அட்மிட் ஆன 138 பேரோட விவரத்த பாத்தப்பவே, கிட்டத்தட்ட ஆறுல ஒருத்தருக்கு இதயத்துடிப்பு தாளம் தப்பியிருந்துச்சு, ஐசியூல இருந்தவங்கள மட்டும் எடுத்தா 44 சதவீதம். எந்த வகை தாளப் பிசகுன்னு அதுல பிரிச்சு சொல்லல, ஆனா அப்புறம் உலகம் முழுக்க வார்டுகள்ல அதிகமா கண்ணுல பட்டது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், டாக்டருங்க சுருக்கமா ஏ.எஃப்ன்னு சொல்லுவாங்க.

இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. சாதாரணமா மேல வலது அறைல இருக்குற ஒரு சின்ன திசுத் தொகுப்புலேர்ந்து நிமிஷத்துக்கு 60லேர்ந்து 100 தடவை கரண்ட் கிளம்பும், மேல் அறைகள் சுருங்கும், அடுத்து கீழ் அறைகள் சுருங்கும். ஏ.எஃப்ல அந்த ஒழுங்கு போயிடும், மேல் அறைல எங்கெங்கயோ இருந்து நிமிஷத்துக்கு 350க்கு மேல, சில சமயம் 600 வரைக்கும் கூட கரண்ட் கிளம்பும், அறை சுருங்காம சும்மா நடுங்கிட்டு நிக்கும். அத்தனையும் கீழ இறங்கினா ஆள் பிழைக்க முடியாது, நடுவுல இருக்குற ஏ.வி. கணு கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி சிலத விட்டு சிலத தடுக்கும். அப்படியும் 120, 150ன்னு கன்னாபின்னானு துடிக்கும், ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்குற இடைவெளி ஒண்ணு போல ஒண்ணு இருக்காது.

வீட்டுல விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல எல்லாரும் ஆக்சிஜன் நம்பர மட்டும் தான் பாத்தோம், பக்கத்துல இருக்குற பல்ஸ் நம்பர் 90, 135, 104ன்னு குதிச்சிட்டே இருந்தா அதுவும் ஒரு சேதி தான். இன்னொண்ணு, ஏ.எஃப்ல சில துடிப்பு பலமில்லாம விரல் வரைக்கும் வந்து சேராது, அதனால மெஷின் காட்டுறத விட இதயம் வேகமா ஓடிட்டு இருக்கலாம். இ.சி.ஜி. எடுக்காம உறுதியா சொல்ல முடியாது.

சரி, கொரோனால ஏன் இது வருது? வைரஸ் செல்லுக்குள்ள நுழையுற ஏ.சி.இ.2 கதவு இதயத்துலயும் இருக்கு தான், ஆனா பெரும்பாலும் குத்தவாளி அது மட்டும் இல்ல. ஆக்சிஜன் குறையுது, காய்ச்சல், உடம்பு முழுக்க அழற்சி, பயத்துலயும் வலியிலயும் அட்ரினலின் ஏறுது, வயித்துப்போக்குலயோ நீர் பிரிய குடுத்த மருந்துலயோ பொட்டாசியமும் மெக்னீசியமும் இறங்குது, சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சு வலது பக்கம் அழுத்தம் ஏறுது. ஏற்கனவே வயசு, பிரஷர், சுகர்னு பலவீனமா இருக்குற மேல் அறைக்கு இதுல ரெண்டு சேந்தாலே போதும்.

அதனால தான் விவரமான டாக்டர் தாளத்த திருப்பிக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி ஆக்சிஜன ஏத்துவாரு, பொட்டாசியத்த 4க்கு மேல கொண்டுவருவாரு, மெக்னீசியம் பாப்பாரு, காய்ச்சல இறக்குவாரு. இத சரி பண்ணாம நெஞ்சுல கரண்ட் ஷாக் குடுத்து தாளத்த மாத்தினாலும் கொஞ்ச நேரத்துல பழையபடி திரும்பிடும். பிரஷர் படுத்து ஆள் மயங்குற நிலைன்னா மட்டும் காத்திருக்க முடியாது, உடனே ஷாக் தான். மத்தவங்களுக்கு வேகத்த 110க்கு கீழ இறக்கினாலே பெரும்பாலும் போதும். அதுக்கு துடிப்ப மெதுவாக்குற மெட்டோபுரோலால் மாதிரி மருந்து, இழுப்பு கடுமையா இருக்குறவங்களுக்கு டில்டியாசெம், இதயத்தோட பம்ப்பிங்கே பலவீனம்னா டில்டியாசெம் கூடாது, டிஜாக்ஸின் இல்லன்னா அமியோடரோன் பக்கம் போவாங்க.

இந்த அமியோடரோன் தான் கொரோனா காலத்துல பெரிய தலைவலி. 2020ல கொரோனாவுக்குன்னு மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸி குளோரோகுயினையும், ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசினையும் சேத்து குடுத்துட்டு இருந்தாங்க, அமியோடரோனையும் சேத்து மூணுமே இ.சி.ஜி.ல க்யூ.டி. இடைவெளிய, அதாவது கீழ் அறை சுருங்கி அடுத்த துடிப்புக்கு தயாராகுற நேரத்த, இழுக்குற மருந்து, ஒண்ணு மேல ஒண்ணு சேந்தா கீழ் அறையே கட்டுப்பாடு இல்லாம சுழல ஆரம்பிச்சு உயிருக்கே ஆபத்தாகும். அந்த வருஷம் ஜூன்ல பிரிட்டன்ல ரெக்கவரி ஆய்வு ஹைட்ராக்ஸி குளோரோகுயினால பலன் இல்லன்னு சொன்னதோட அந்த பிரச்சனை மெதுவா அடங்குச்சு. அடுத்து 2021 டிசம்பர்ல பாக்ஸ்லோவிட்ங்கற கொரோனா மாத்திரை வந்துச்சு. அதுல கூட சேத்திருக்குற ரிட்டோனாவிர் பழைய எச்.ஐ.வி. மருந்து, அதோட வேலையே கல்லீரல்ல மருந்துகள உடைக்குற ஒரு என்சைம அமுக்கி வைக்கிறது. கூட சாப்பிடுற அமியோடரோனும், இன்னொரு தாள மருந்தான ஃப்ளெகைனைடும் உடையாம ரத்தத்துல ஏறிடும், அதான் இதுங்கள சேத்து குடுக்கக் கூடாது. பாக்ஸ்லோவிட் 5 நாள் தானே, அதுவரைக்கும் அமியோடரோன நிறுத்திடலாமேன்னு தோணும், ஆனா அது கொழுப்புல போய் உக்காந்துக்கும், பாதி வெளியேறவே மாசக்கணக்குல ஆகும், நிறுத்தியும் பிரயோஜனம் இல்ல. அந்த ஆளுக்கு ரெம்டெசிவிர் மாதிரி வேற வழி தான் பாக்கணும், அதுலயும் சிலருக்கு துடிப்பு ரொம்ப குறையும், மானிட்டர் பாத்துட்டே இருக்கணும்.

என்ன கேட்டா, துடிப்ப விட ரத்தக்கட்டிக்கு தான் அதிகமா பயப்படணும். நடுங்குற மேல் அறைல, குறிப்பா இடது பக்கம் பை மாதிரி தொங்குற மூலைல, ரத்தம் தேங்கி உறையும், அது கிளம்பி மூளைக்கு போனா பக்கவாதம். கொரோனாவே ரத்தத்த உறைய வைக்கிற வியாதி வேற. ஆஸ்பத்திரில ரத்தம் உறையாம தடுக்குற மாத்திரைலேர்ந்து ஹெப்பாரின் ஊசிக்கு மாத்துவாங்க, அது அந்த கல்லீரல் என்சைம் வழியா போறதில்ல, அந்த வழில மத்த மருந்துகளோட மோதாது. வீட்டுல ரத்தம் உறையாம இருக்க ரிவராக்ஸபான் மாத்திரை சாப்பிடுறவங்க பாக்ஸ்லோவிட் எடுத்தா ரத்தக்கசிவு அபாயம் ஏறும். அதே வேலைக்கு அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுறவங்களுக்கு காய்ச்சல், சாப்பிடாம கிடக்குறது, ஆன்டிபயாடிக்னு எல்லாமே ரத்தம் எவ்வளவு மெதுவா உறையுதுன்னு காட்டுற ஐ.என்.ஆர். நம்பர ஆட்டி வைக்கும், லாக்டவுன்ல அத பாக்க ரத்தம் குடுக்க லேபுக்கு போறதே பெரும்பாடா இருந்துச்சு.

டிஸ்சார்ஜ் ஆகும்போது தாளம் சரியாயிடுச்சுன்னா ரத்தம் உறையாம இருக்குற மாத்திரைய தானா நிறுத்திக்கிறவங்க நிறைய. மாத்திரை தொடரணுமாங்கறத அன்னிக்கு எடுத்த இ.சி.ஜி. முடிவு பண்றதில்ல, வயசு, பிரஷர், சுகர், முன்னாடி பக்கவாதம் வந்திருக்கா, இதயம் பலவீனமான்னு போடுற ஸ்கோர வச்சு தான் டாக்டர் சொல்லுவாரு. சில வாரம் கழிச்சு ஒரு எக்கோவும், 24 மணி நேரம் மாட்டிக்கிற ஹோல்டர் மானிட்டரும் பாத்துட்டு மறுபடி பேசுவாங்க, ஏன்னா ஏ.எஃப் வந்து வந்து போற வியாதி, பல பேருக்கு வந்ததே தெரியாது.