பரணும் சாவிக்கொத்தும்

திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டு அலமாரியில் ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், கல்லூரியில் படிக்கும்போது அவளுக்குக் கிடைத்தது. ரேம் 2 ஜிபி, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் அதில் இருந்தது. அந்தப் பக்கம் அவள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. "பையன் நாலாவது போறான், எதையாவது பண்ணி ஓட வைடா" என்றாள். டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன்.

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளில் மொழி, நேரம், விசைப்பலகை எல்லாம் தப்பாகப் போனாலும் அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நின்று யோசிக்க வேண்டியவை இரண்டு: யாருக்குக் கணக்கு, ரேம் நெருக்கும்போது கைகொடுக்க வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் இடம் எவ்வளவு. நான் இரண்டிலும் சறுக்கியவன்.

முதலில் கணக்கு. நாம் கொடுக்கும் பெயரை லினக்ஸ் பெரிதாக மதிப்பதில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும், இயங்குதளத்தின் மையமான கர்னல் பார்ப்பது அதைத்தான். எல்லா உரிமையும் கொண்ட நிர்வாகிக் கணக்கான ரூட்டின் எண் 0. அந்த எண்ணோடு வந்தால் எந்தக் கோப்பையும் திறக்கலாம், அழிக்கலாம். கர்னல் ஏனென்று கேட்காது. டெபியனில் மனிதர்களுக்கான எண்கள் 1000-இல் தொடங்கும். அதற்குக் கீழே உள்ளவை பிரிண்டர் போன்ற சேவைகளை நடத்தும் கணக்குகளுக்கு. வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், ஒரு கோப்பை எழுதும்போது, உரிமையாளர் என்ற இடத்தில் பதிவாவதும் இந்த எண்தான்.

இது தெரிந்தும் கோட்டை விட்டேன். முதல்முறை நிறுவியபோது அக்கா 1000, பையன் 1001. எல்லோருடைய கோப்புகளும் தனிப் பார்ட்டிஷனில், அதாவது வட்டில் பிரித்துவைத்த தனிப் பகுதியில், இருந்தன. ஒரு வருடம் கழித்து அந்தப் பார்ட்டிஷனை மட்டும் விட்டுவைத்து மீண்டும் நிறுவினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், "மாமா, எம் பேரை முதல்ல போடு" என்றான். போட்டேன். அக்காவின் கணக்கைப் பிறகு சேர்த்தபோது, அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கும் அடைவு (ஃபோல்டர்) வேறொருவருக்குச் சொந்தம் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. எண்டரைத் தட்டிவிட்டுப் போய்விட்டேன்.

சாயங்காலம் அக்கா பாஸ்வேர்டு போடுகிறாள், திரை ஒரு நொடி கறுக்கிறது, திரும்ப அதே பாஸ்வேர்டு பக்கம். பாஸ்வேர்டில் தப்பில்லை. அவளுடைய அடைவு 1000-க்குச் சொந்தம். இப்போது 1000 அவள் மகன். தன் வீட்டுக்குள்ளேயே ஒரு வரி எழுத அவளுக்கு உரிமையில்லாததால் டெஸ்க்டாப் கிளம்பவே முடியவில்லை. உரிமையாளரை மாற்றும் கட்டளை ஒன்றில் சரியாகிவிட்டது.

அதைவிடப் பெரிய கூத்து இன்னொன்று. டெபியன் இன்ஸ்டாலர் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கேட்கும். அதைக் காலியாக விட்டால் ரூட்டாக யாரும் நேரடியாக நுழைய முடியாது. நிறுவும்போது உருவாக்கும் முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது தேவைப்படும்போது ரூட்டாகக் கட்டளையிடும் உரிமை, போய்விடும். காலியாக விடுவதுதான் நல்லது என்பது என் கட்சி. சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவதற்கும், தேவைப்படும்போது ஒரு பூட்டை மட்டும் திறந்துவிட்டுத் திரும்ப வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. 1980 வாக்கில் அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட சூடோ, கேட்பவருடைய சொந்தப் பாஸ்வேர்டையே கேட்கும், யார் என்ன செய்தார் என்று குறித்தும் வைக்கும். எல்லாம் சரி, ஆனால் அந்த முதல் பயனர் எங்கள் வீட்டில் நாலாம் வகுப்புப் பையன். அவனை சூடோ உரிமையுள்ள குழுவிலிருந்து நீக்க இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

பாஸ்வேர்டு வட்டில் அப்படியே கிடக்காது. 'ஷேடோ' என்ற கோப்பில், திரும்பப் பிரிக்க முடியாதபடி அரைத்த வடிவத்தில் இருக்கும். டெபியன் 11 முதல் புதிய பாஸ்வேர்டுகளை அரைக்கும் முறைக்கு யெஸ்கிரிப்ட் என்று பெயர். அது வேண்டுமென்றே நினைவகத்தைத் தின்னும். கோப்பைத் திருடியவன் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்ப்பதை மெதுவாக்க அந்த ஏற்பாடு.

இனி ஸ்வாப். ரேம் என்பது கைக்கெட்டும் அலமாரி என்றால் ஸ்வாப் வீட்டுப் பரண். கர்னல் ரேமை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2 ஜிபியில் 5,24,288 பக்கங்கள். இடம் நெருக்கும்போது வெகுநேரம் யாரும் தொடாத பக்கங்களைத் தேடுகிறது. அவை இரண்டு ஜாதி. ஒன்று, வட்டிலுள்ள கோப்பின் நகல். நிரலின் குறிமுறையே, அதாவது அதன் கட்டளைகளே, அப்படித்தான் ஏறுகிறது. நூலகப் புத்தகம் மாதிரி: திருப்பிக் கொடுத்துவிடலாம், வேண்டுமென்றால் மறுபடி எடுக்கலாம். மற்றது நிரல் தானாக உருவாக்கியது, பிரவுசரில் நீங்கள் பாதி நிரப்பிய படிவம் மாதிரி. கையால் எழுதிய நோட்டு. வேறு பிரதி கிடையாது, தூக்கிப் போட முடியாது. அதை ஏற்றி வைக்கத்தான் பரண்.

ஸ்வாப் இல்லாவிட்டால்? "டிஸ்க்கைத் தொடாது, வேகமாக ஓடும்" என்று நம்பி முதல்முறை பூஜ்யம் வைத்தேன். நடந்தது நேர்மாறு. நோட்டுகளை நகர்த்த இடமில்லாததால் கர்னல் புத்தகங்களையே திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கிறது. அதாவது ஓடிக்கொண்டிருக்கும் பிரவுசரின் குறிமுறையை ரேமிலிருந்து எறிந்துவிட்டு, அடுத்த கணம் அதே பக்கத்தை வட்டிலிருந்து படிக்கிறது. ஸ்வாப் இல்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று ஓடுகிறது. அதுவும் போதாமல் போனால் நினைவகத்தை அதிகம் பிடித்திருக்கும் நிரலாகப் பார்த்துக் கொன்றுவிடும். அக்கா நிரப்பிக்கொண்டிருந்த பள்ளிப் படிவம் அப்படித்தான் போனது.

பரணில் ஏறுவது மலிவில்லை. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி எடுக்கும். முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்குச் சராசரியாகப் பத்து மில்லிவிநாடிக்குக் குறையாது. ரேமில் அதே வேலை சுமார் 100 நானோவிநாடி. லட்சம் மடங்கு. அலமாரியில் கைவிட்டு எடுக்க ஒரு விநாடி என்றால் பரணிலிருந்து இறக்க ஒரு நாளுக்கும் மேல். ஆக, பரண் பழைய சாமான்களுக்குத்தான். தினம் புழங்குவதையும் அங்கே ஏற்றும் நிலை வந்தால் ரேமே போதவில்லை என்று அர்த்தம்.

"ரேமைப் போல இரண்டு மடங்கு" என்ற பழைய சூத்திரம் ரேம் மிகச் சிறியதாக இருந்த காலத்தது. 16 ஜிபி ரேம் உள்ளவர் 32 ஜிபி ஸ்வாப் ஒதுக்குவது வீண். ஹைபர்னேட் வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு வேறு. ஸ்லீப்பில் ரேமுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஹைபர்னேட்டில் ரேமில் இருப்பது ஸ்வாப்பில் எழுதப்பட்டு இயந்திரம் முழுதாக அணைகிறது. அதற்குக் குறைந்தது ரேம் அளவு ஸ்வாப் ஒதுக்குவது பாதுகாப்பு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு கரண்டை நம்பும் பழக்கம் எங்கள் பக்கத்தில் குறைந்துவிட்டது. அக்காவின் பேட்டரி தாங்குவதோ பத்து நிமிடம். அதனால் 4 ஜிபி ஒதுக்கினேன்.

தனிப் பார்ட்டிஷன்தான் வேண்டும் என்றும் இல்லை. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ், 17.04 பதிப்பு முதல் வழக்கமான நிறுவலில் சாதாரணக் கோப்பு ஒன்றையே ஸ்வாப்பாக வைக்கிறது. அளவை மாற்ற எளிது. பரணில் ஏறாமலே சமாளிக்கவும் ஒரு வழி உண்டு: ஜிராம். தொடாத பக்கங்களைச் சுருக்கி, ரேமிலேயே ஒரு மூலையில் அடுக்குகிறது, போர்வையை இறுக்கிச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளுவது போல. ஃபெடோரா என்ற லினக்ஸ் தன் 33-ஆம் பதிப்பில் அதையே இயல்பாக்கியது. அக்காவின் லேப்டாப்பில் இரண்டும் இருக்கின்றன. ஜிராமுக்கு முன்னுரிமை, அது நிரம்பினால்தான் டிஸ்க்.

ஸ்வாப்பில் எழுதியது இயந்திரத்தை அணைத்தாலும் அழியாது. ஷேடோ கோப்பில் பத்திரமாக அரைத்து வைத்த அதே பாஸ்வேர்டு, தட்டச்சு செய்த கணத்தில் ரேமில் பச்சையாக இருந்து, அங்கிருந்து பரணுக்குப் போயிருக்கலாம். வெளியே எடுத்துப் போகும் லேப்டாப் என்றால் நிறுவும்போதே ஸ்வாப்பையும் சேர்த்து மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்யுங்கள். அக்காவுடையது வாசலைத் தாண்டாது, அதனால் செய்யவில்லை. பையன் மட்டும் இன்னும் 1000-ஆம் எண்ணில்தான் இருக்கிறான்.