குரல் கம்மினால் காத்திருக்காதீர்கள்: கொர்னேலி ஃபால்கோன் வாழ்க்கை

1837 மார்ச். பாரிஸ் ஓபரா மேடையில் நீடர்மேயர் இசையமைத்த 'ஸ்ட்ராடெல்லா' என்ற இசை நாடகம். நாயகனாக நடிக்கும் பாடகர் நூரி, "நாளை கிளம்புவோம், சம்மதமா?" என்று பாடுகிறார். "நான் தயார்" என்று பிரெஞ்சுப் பாடகி கொர்னேலி ஃபால்கோன் பாட வேண்டும். வாயைத் திறக்கிறார், குரல் வரவில்லை. மயங்கிச் சரிந்தவரை நூரியே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஃபால்கோனுக்கு அப்போது வயது 23.

அன்று அரங்கில் இருந்த இசையமைப்பாளர் பெர்லியோஸ், தான் கேட்ட ஒலிகளை எழுதிவைத்திருக்கிறார். தொண்டை அடைத்து இருமும் குழந்தையின் கரகரப்பு; பிறகு தண்ணீர் நிரம்பிய புல்லாங்குழல்போல் விசிலடித்து மறையும் சுரங்கள். குரல் சிகிச்சை செய்கிற எனக்கு இந்த வர்ணனை மிகவும் பழக்கமானது. இரண்டு குரல்நாண்களும் சரியாக ஒட்டி மூடாமல் இடைவெளி விட்டால், காற்று அதன்வழியே கசிந்து இப்படித்தான் கேட்கும்.

18 வயதில், 1832 ஜூலையில், மேயர்பேரின் 'ரொபேர் லு தியாப்ல்' ஓபராவில் அறிமுகமானவர் அவர். 1835இல் ஹலேவியின் 'லா ஜுய்வ்' ராகேலாகவும், 1836இல் 'லே ஹுகெனோ' வாலன்டீனாகவும் முதன்முதலில் பாடியவர் அவர்தான். கீழ், நடு ஸ்தாயிகளில் கனமும் அடர்த்தியும் கொண்ட குரல். அந்த வகைக் குரலையே பிரான்சில் இன்றும் 'ஃபால்கோன்' என்கிறார்கள்.

அந்தக் குரல் ஏன் போனது? மிக இளம் வயதில் பெரிய வேடங்கள், ஓய்வில்லாத உழைப்பு, இயல்புக்கு மேலே இழுத்துப் பாடிய மேல் ஸ்தாயி என்று பின்னால் வந்தவர்கள் பல காரணம் சொன்னார்கள். மேற்கத்திய இசையில் 'ஹை சி' எனப்படும் உச்ச சுரத்தைத் தொடும் சொப்ரானோவுக்கு (மிக உயர்ந்த பெண் குரல்) நாண்கள் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மோதுகின்றன. அந்த உரசலில் வீங்கிய நாண்களுக்கு ஓய்வு கொடுக்காமல் மேலும் அழுத்திப் பாடினால் முடிச்சு விழும், சில சமயம் ரத்தம் கசியும்.

வைத்தியம் பலவும் பார்த்தார். தட்பவெப்பம் உதவுமென்று இத்தாலிக்கும் போனார். அன்றைய மருத்துவர்களை நான் குறை சொல்லமாட்டேன். உயிருள்ள மனிதரின் குரல்நாண்களைப் பார்க்க அவர்களிடம் வழியே இல்லை. மனுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் கொண்டு தன் நாண்களைத் தானே பார்த்தது 1854இல்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 1840 மார்ச்சில் மீண்டும் மேடையேறிய ஃபால்கோன், குரல் ஒத்துழைக்காமல் அழுதார். அதன்பின் 1897வரை, 83 வயதுவரை வாழ்ந்தார்.

இன்று மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கேமரா விட்டுச் சில நிமிடங்களில் நாண்களைப் பார்த்துவிடலாம். அப்படியிருந்தும் என்னிடம் வருகிறவர்கள் மாதக்கணக்கில் மிளகும் கற்கண்டும் மென்றுவிட்டுத்தான் வருகிறார்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிரியர்கள், பாடகர்கள் அவ்வளவு நாள்கூடப் பொறுக்க வேண்டாம். கிசுகிசுத்துப் பேசுவது ஓய்வாகாது. அழுத்திக் கிசுகிசுத்தால் சிரமம் கூடும். தொடக்கத்திலேயே வந்தால் பெரும்பாலான முடிச்சுகளைக் கத்தி வைக்காமல் குரல் பயிற்சியிலேயே கரைத்துவிடலாம்.

பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். "நாளைக்குக் கச்சேரி, ஒரு ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர்" என்று கேட்காதீர்கள். நாணில் ரத்தக்கசிவு இருந்தால், அதோடு பாடும் ஒரே ஒரு கச்சேரிகூட நிரந்தரத் தழும்பை விட்டுப்போகக்கூடும்.