ஆமா போட ஓர் ஆள்

முட்டை மட்டும் சாப்பிட மாட்டேன் என்றார். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பாளையங்கோட்டையில் என் மனநல ஆலோசனை அறைக்கு வந்திருந்தார். வயது 38. ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன பிரச்சினை. சைவமா என்று கேட்டேன். இல்லை, மீனும் கறியும் உண்டு.

மூன்றாம் முறை வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஒன்பது வயதில், வீட்டுக்குள் வந்து போகிற சொந்தக்காரர் ஒருவரின் பாலியல் சீண்டல். அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "'சவத்த விடுட்டி, வெளிய மூச்சு விடாத'ன்னா. ராத்திரி எனக்கு மட்டும் முட்டை பொரிச்சுத் தந்தாக்கா. தம்பிக்குக்கூடக் கிடையாது."

பீடி சுற்றுகிறவர் அவர். பேசும்போது மடியில் சுளவு (முறம்) இல்லை, இலை இல்லை, தூள் இல்லை. விரல்கள் மட்டும் சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே இருந்தன.

இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன்? அவருடைய மகளுக்கு ஒன்பது வயது ஆகிறது. பிள்ளை அந்த வயதைத் தொடும்போது தாய்க்கு எல்லாம் கிளம்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேறுகாலத்தில் வருவதும் உண்டு, அந்த ஆள் செத்த வீட்டில் வருவதும் உண்டு.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் சீண்டலைச் சந்தித்திருந்தார்கள். அதில் பையன்களும் பாதிக்குமேல். பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த 13-ல் தமிழ்நாடு இல்லை. அதற்காக நாம் நிம்மதிப்பட ஒன்றுமில்லை.

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. இந்தப் பெண் ஒன்பது வயதிலேயே சொல்லிவிட்டார், குறையவில்லையே. கேட்டவர் என்ன செய்தார் என்பதில்தான் பாதி இருக்கிறது.

நம் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். பாட்டை நடத்துகிற அண்ணாவி ஒரு வரி சொல்ல, குடம் அடிப்பவரும் உடுக்கைக்காரரும் "ஆமா" போடுவார்கள். அநியாயமாகச் செத்தவர்களின் கதையை நடுராத்திரியில் ஊரே உட்கார்ந்து கேட்கிற மண் இது. அங்கே யாரும் "நீ ஏன் அந்தப் பக்கம் போனே" என்று குறுக்கே கேட்பதில்லை. வீட்டுப் பிள்ளை வந்து சொன்னால் மட்டும் நமக்கு அந்த "ஆமா" வாயில் வருவதில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு அந்த "ஆமா"வுக்காகத்தான். இப்படிப் பாதிக்கப்பட்ட ஆறேழு பெண்கள். ஒரே ஊர்க்காரர் இருவரைச் சேர்ப்பதில்லை. மேலத்தெருவில் பேசினால் கீழத்தெருவுக்குக் கேட்கும், தெரியும்தானே. புத்தி சொல்லக் கூடாது. கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. பேச இஷ்டமில்லையா, சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

கடைசி விதி என் தப்பிலிருந்து வந்தது. ஆரம்ப காலத்தில் ஒருவரை, "முதலிலிருந்து சொல்லுங்க" என்று நெருக்கினேன். சொல்லச் சொல்ல அவருக்குக் கை விறைத்து, மூச்சு முட்டி, நான் பயந்தே போனேன். அப்புறம் அவர் வரவேயில்லை. உடம்புக்கு அது பழைய கதை இல்லை, இப்போது நடப்பது. முதலில் தூக்கம், மூச்சு, பாதுகாப்பான ஒரு வீடு; நடந்ததை விவரமாகப் பேசுவது அதற்குப் பிறகுதான், அதுவும் தேவைப்பட்டால்.

ஆண்களுக்கு இப்படி ஒரு குழு இன்னும் கூடவில்லை. குடியை நிறுத்த வருகிறவர்களில் சிலர் போகிறபோக்கில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வரி சொல்வார்கள். நான் அப்படியே திரும்ப உட்காரச் சொல்வேன்.

பெரியவர்கள் தங்கள் பழைய கதையைச் சொல்லும்போது தவறாமல் ஒன்று கேட்பேன்: அந்த ஆள் இப்போது எங்கே, பக்கத்தில் பிள்ளைகள் உண்டா? இன்றைக்கு ஒரு குழந்தைக்கு நடக்கிறது என்று தெரிந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், அப்போது போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு உதவி எண் 1098. மனம் தாங்காத பெரியவர்களுக்கு 14416. இரண்டும் இலவசம்.

குழுவுக்கு வந்த மூன்றாவது வாரம் அந்த பீடி சுற்றுகிற அக்கா சுளவைக் கையோடு கொண்டு வந்துவிட்டார். "சும்மா உக்காந்து பேச எனக்கு வரலக்கா." அறை முழுக்கப் புகையிலை நெடி. இப்போது ஒருவர் பூக்கட்டுகிறார், ஒருவர் ஒயர்கூடை பின்னுகிறார். போன மாதம் புதிதாக வந்த பெண் பேச வாயெடுத்து, நின்று, அழுதார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த அக்கா நிமிராமல், நூலைக் கடித்துக்கொண்டே, "ஆமா, சொல்லு தாயி" என்றார்.