கம்பெனி திவாலானால் சரக்குக் கொடுத்தவர் எங்கே நிற்கிறார்?

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனி திவாலானபோது, அதற்குக் கெமிக்கல் கொடுத்துவந்த ஒருவர் பில் கட்டோடு வேலூரில் என் ஆபீசுக்கு வந்தார். 38 லட்சம் பாக்கி. "சார், கடைசியா அனுப்பின டிரம்மெல்லாம் சீல்கூடப் பிரிக்காம அவங்க குடோன்லயே இருக்கு, வண்டி வச்சு எடுத்துட்டு வந்துடட்டுமா?" என்றார். முடியாது என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடனுக்கு விற்று, பில் போட்டு, இறக்கியும் கொடுத்தாயிற்று. இனி அந்த டிரம் கம்பெனியின் சொத்து.

கம்பெனியைக் கலைத்து விற்கும்போது 2016 திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்லும் வரிசையில்தான் பணம் போகும். முதலில் வழக்கு, விற்பனைச் செலவுகள். அடுத்து, அடமானச் சொத்தைத் தானே விற்காமல் பொதுப் பங்கீட்டுக்கு விட்டுக்கொடுத்த வங்கியும் தொழிலாளர்களின் 24 மாதக் கூலி பாக்கியும் சமமாக நிற்கும். பிறகு மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அடமானமில்லாமல் பணம் கடன் கொடுத்தவர்கள், அப்புறம் அரசு பாக்கி. இத்தனைக்கும் பின்னால்தான் சரக்குக் கொடுத்தவர்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சொத்து 10 கோடிக்கு விற்கிறது, செலவு 1 கோடி. வங்கிக்கு 12 கோடி, தொழிலாளர்களுக்கு 3 கோடி பாக்கி. மீதி 9 கோடியில் வங்கிக்கு 7.2, தொழிலாளர்களுக்கு 1.8, அதோடு பணம் தீர்ந்தது. வங்கி விட்டுக்கொடுக்காமல் அடமானச் சொத்தைத் தானே விற்றுக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது, அப்போது விழுகிற துண்டும் அரசு பாக்கியோடு சேர்ந்து நமக்கு முன்னால்தான் நிற்கும். பிஎஃப், கிராஜுவிட்டி நிதி மட்டும் இந்தப் பங்கீட்டுக்கே வராது, அது தொழிலாளர் பணம்.

அதே கம்பெனியில் வாணியம்பாடிக்காரர் ஒருவரின் தோலும் இருந்தது, ஆனால் அது விற்றதல்ல, ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலிக்குப் பதப்படுத்தித் தரக் கொடுத்தது. அடுத்தவர் பொருள் கம்பெனியின் கையில் இருந்தாலும் அது கம்பெனி சொத்து ஆகாது என்று 36ஆம் பிரிவு சொல்கிறது. ஒவ்வொரு லோடுக்கும் சலான், லாட் நம்பர், எத்தனை பீஸ் என்று பக்காவாக வைத்திருந்தார், அதைக் காட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டார். வாய்ப்பேச்சில் தோல் கொடுத்து வாங்குகிறவர்கள் நம் பக்கம் நிறைய, தயவுசெய்து சலான் போடுங்கள்.

கெமிக்கல்காரரிடம், ஐந்து மாதமாகப் பணம் வராமல் ஏன் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள் என்று கேட்டேன். "பத்து வருஷப் பழக்கம் சார்" என்றார். சிறு தொழில் என்று பதிவு செய்தவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும் என்ற சட்டம் அவருக்குத் தெரியாது. அறிவிப்பில் போட்டிருந்த தேதிக்குள் அவருடைய கோரிக்கையைத் தாக்கல் செய்துவிட்டோம். 38 லட்சத்துக்கும் பேர் பட்டியலில் இருக்கிறது, கடைசிக்கு முந்தின வரிசைகளில்.