அந்த முன் பிரேக் என்ன பாவம் செய்தது?

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் மாவுக்கட்டோடு எங்கள் பட்டறைக்கு வந்தான். பின்னாலேயே அவன் அப்பா, தோளில் சைக்கிள். முன் சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. அந்த வண்டியை எனக்கு நன்றாகவே தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்த சமயத்தில் நான்தான் ஓவராயில் செய்து, இரண்டு பிரேக்குக்கும் புது ஒயர், புதுக் கட்டை போட்டுக் கொடுத்தேன். இப்போது முன் பிரேக்கைக் காணோம். கைப்பிடியில் லிவர் மட்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"முன் பிரேக் எங்கே?"

"நான்தான் சார் கழட்டி வெச்சேன். பயத்துல அதைப் புடிச்சிட்டான்னா புள்ள குப்புற அடிச்சிடுவானே."

ஏரிக்கரை மேலிருந்து ஊருக்குள் இறங்கும் சரிவு. குறுக்கே ஆடு வந்திருக்கிறது. பையன் இருக்கிற ஒரே பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். பின் சக்கரம் சுற்றாமல் நின்றதே தவிர வண்டி நிற்கவில்லை. மண்ணில் இழுத்துக்கொண்டே போய்ச் சிறுபாலத்தின் கட்டைச் சுவரில் முட்டியிருக்கிறது. பையன் குப்புறத்தான் விழுந்திருக்கிறான்.

இந்த வருஷம் நான் பார்க்கும் நான்காவது கேஸ் இது. அப்பாவிடம் கோபப்பட முடியவில்லை, பிள்ளை மேல் உள்ள பாசத்தில் செய்தது. கோபத்தை இங்கே கொட்டிக்கொள்கிறேன்.

நாங்கள் செய்வது எளிமையான வேலை. சென்னை ஓஎம்ஆர் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்தும் தளத்தின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் சைக்கிள்களை வாங்கி வந்து, செங்கல்பட்டுப் பக்கத்து ஊர்களில் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகளுக்குச் சரிசெய்து கொடுக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி வந்துவிடும். ஆறிலிருந்து பத்து வரை படிக்கிற பிள்ளைகள்தான் எங்கள் கணக்கு. மூன்று வண்டியைப் பிரித்து இரண்டு வண்டி ஆக்குவோம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்ப்பேன். வந்த வண்டியில் முதலில் பார்ப்பது பிரேக்கைத்தான். முன் பிரேக் கழற்றப்பட்ட வண்டிகள் கிராமத்திலிருந்து மட்டும் வருவதில்லை. நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கியர் சைக்கிளிலும் 'குழந்தையின் பாதுகாப்புக்காக' ஒயரை உருவிவிட்டுக் கொடுக்கிறார்கள்.

சரி, இந்தக் 'குப்புற விழுவது' விஷயத்துக்கு வருவோம்.

டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் சட்டென்று பிரேக் அடிக்கிறார். எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? முன் பக்கம். சைக்கிளிலும் அதேதான். எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் உங்கள் எடை முன் சக்கரத்தின் மேல் போய் உட்காரும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்துக்கு ரோட்டில் பிடிப்பு ஏது? அதை இன்னும் இறுக்கினால் வழுக்கிக்கொண்டு இழுபடும், அவ்வளவுதான். டயர் தேய்ந்த கோடு ரோட்டில் கறுப்பாக நீளமாக விழும். அதைப் பார்த்துப் பையன்கள் 'செம பிரேக்' என்று பெருமைப்படுவார்கள். நிற்காத பிரேக்கின் அடையாளம் அது.

கணக்கு வேண்டுமா? 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் ஓடும். காய்ந்த தார் ரோட்டில், சமதளத்தில், இரண்டு பிரேக்கையும் பக்குவமாகப் பிடித்தால் பிடித்த இடத்திலிருந்து மூன்று, மூன்றரை மீட்டரில் நிறுத்திவிடலாம். பின் பிரேக் மட்டும் என்றால் ஆறு மீட்டரைத் தாண்டிவிடும். இறக்கத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே எடை ஏற்கெனவே முன்னால்தான் இருக்கிறது. ஆக, அந்த அப்பா கழற்றி வைத்தது வண்டியின் பாதிக்கு மேற்பட்ட பிரேக்கை.

"நானே விழுந்திருக்கேன் சார்" என்று பத்துப் பேராவது சொல்வார்கள். நம்புகிறேன். ஆனால் எப்படி விழுந்தீர்கள் என்று தோண்டிக் கேட்டால் கதை மாறும். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த துணிப்பை போக்ஸ் கம்பிக்குள் போயிருக்கும். துப்பட்டா சிக்கியிருக்கும். பிரேக் கட்டையின் நட்டு லூசாகி, கட்டை ரிம்மை விட்டு இறங்கி உள்ளே மாட்டியிருக்கும். முன் சக்கரத்து நட்டை யாரோ கையால் மட்டும் முடுக்கி விட்டிருப்பார்கள். இதில் எதுவும் பிரேக்கின் குற்றம் இல்லை. மிச்சம் இருப்பது ஒரே ஒரு காரணம்: கையை விறைப்பாக வைக்காமல், முன் பிரேக்கை மட்டும் ஒரே அமுக்காக அமுக்குவது. வண்டி நிற்கும், ஆள் மட்டும் போய்க்கொண்டே இருப்பான். அதற்கு மருந்து பழக்கம்தான், ஸ்பேனர் இல்லை.

என் அம்மா புதுக்கோட்டைக்காரர். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து அந்த மாவட்டமே சைக்கிள் பழகியது. அம்மாவும் புடவை கட்டிக்கொண்டு அப்போது ஓட்டக் கற்றவர். அவருக்கு யாரும் இயற்பியல் சொல்லிக்கொடுக்கவில்லை. "ரெண்டு கையும் ஒண்ணாப் புடி, மெதுவாப் புடி" என்று மட்டும் சொன்னார்களாம். நான் இத்தனை பத்தியில் சொன்னது அதைத்தான்.

எங்கள் தொழில்காரர்களின் பங்கையும் மறைக்கக் கூடாது. முன் சக்கரத்தில் லேசாகக் கோட்டம் விழுந்தால் கட்டை ஒரு பக்கம் உரசும், வண்டி கனமாக ஓடும். கோட்டம் எடுக்கக் குறைந்தது அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு கம்பியாகத் திருகிப் பார்க்க வேண்டும். பிரேக் ஒயரைக் கழற்றிவிட அரை நிமிஷம். "முன் பிரேக் எதுக்குண்ணே, ஆபத்து" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் வாடிக்கையாளருக்கும் திருப்தி. நானும் பதினேழு வயதில் கடையில் வேலை பழகும்போது இதைச் செய்திருக்கிறேன். எத்தனை வண்டிக்கு என்று எண்ண இப்போது மனசு வரவில்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சிரமமானது ஒன்றுமில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே முன் பிரேக்கைப் பிடியுங்கள். சக்கரம் நின்று, பின் பக்கம் லேசாகத் தூக்கினால் நல்ல பிரேக். லிவர் கைப்பிடியை வந்து தொட்டால் ஒயர் தளர்ந்துவிட்டது, முடுக்க வேண்டும். கட்டை ரிம்மில் மட்டும் படவேண்டும். டயரில் பட்டால் ஒரே மாதத்தில் டயரைத் தின்றுவிடும். கட்டையில் இருக்கும் வரிகள் தேய்ந்து மழுங்கினால் மாற்றுங்கள். நான்கு கட்டையும் சேர்த்து ஒரு பிரியாணி விலை கூட வராது.

தயவுசெய்து ரிம்மில் எண்ணெய் போடாதீர்கள். செயினுக்குப் போடும்போது சிந்தியது, 'சக்கரம் பளபளக்கட்டும்' என்று தேங்காய் எண்ணெயில் துடைத்தது, இரண்டையும் பார்த்துவிட்டேன். எண்ணெய் பட்ட ரிம்மில் கட்டை எதைப் பிடிக்கும்? மழையிலும் இதே கதைதான். நம் வண்டிகளில் பெரும்பாலும் இருக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிக்குமேல் செத்துவிடும். அதனால் மழையில் வேகத்தைக் குறையுங்கள், சரிவு தொடங்கும் முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகள் முன் பிரேக்கைப் பிடிப்பதில்லை என்றால் முதலில் அவர்கள் விரலைப் பாருங்கள். பல வண்டிகளில் லிவர் எட்டாது. லிவருக்குள் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதை உள்ளே திருகினால் லிவர் கைக்கு அருகில் வரும். இது தெரியாத மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். இன்னொன்று: நம் ஊரில் முன் பிரேக் வலது கையில். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த வண்டி என்றால் இடது கையில் இருக்கலாம். ஏறுவதற்கு முன் ஒரு தடவை பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் பழக்கம். காலியான மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கோடு கிழித்துவிட்டு, மெதுவான வேகத்தில் வந்து கோட்டில் நிற்கச் சொல்லுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கையை விறைப்பாக வைத்து, இரண்டு பிரேக்கையும் எலுமிச்சம்பழம் பிழிவது போல அழுத்தி அழுத்திப் பிடிக்க வேண்டும். இருபது தடவை செய்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பயப்படுகிற அப்பா அம்மாக்கள் முதலில் நீங்கள் ஓட்டிப் பாருங்கள்.

அந்தப் பையனின் வண்டிக்கு வேறு சக்கரம் போட்டாகிவிட்டது. முன் பிரேக்கை அவன் அப்பாவையே மாட்டச் சொன்னேன், பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தேன். கட்டுப் பிரித்ததும் மைதானத்துக்கு இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை பட்டறை திறந்திருக்கும். முன் பிரேக் மாட்ட நாங்கள் காசு வாங்குவதில்லை. கழற்றச் சொல்லி மட்டும் வராதீர்கள்.