ப்ரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ: ஸ்பானிய மொழியின் நிகழ்கால நிறைவு

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்குபவர் விரைவிலேயே 'எ கொமீதோ' என்னும் தொடரைச் சந்திப்பார். 'சாப்பிட்டிருக்கிறேன்' என்பது அதன் பொருள். இவ்வடிவத்தை ஸ்பானிய இலக்கணம் 'ப்ரெத்தேரித்தோ பெர்ஃபெக்தோ கொம்புவேஸ்தோ' என்று அழைக்கிறது. மூன்று சொற்களுமே இலத்தீன் வழி வந்தவை. 'ப்ரெத்தேரித்தோ' என்றால் கடந்து சென்றது. 'பெர்ஃபெக்தோ' என்றால் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்டது. 'கொம்புவேஸ்தோ' என்றால் ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டது. அன்றாடப் பேச்சில் 'பெர்ஃபெக்தோ' குறையற்றது என்று பொருள்படுமாயினும், இலக்கணத்தில் அது செயல் முடிந்ததை மட்டுமே குறிக்கும்.

இதற்கு நேரான தமிழ்ச்சொல் எது? ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் விளக்குவோர் இத்தகைய வடிவத்தை 'நிகழ்கால வினைமுற்று' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். இது பொருந்தாது. தமிழ் இலக்கணத்தில் வினைமுற்று என்பது எச்சமாக நில்லாமல் பொருள் முற்றி நிற்கும் வினை. 'வருகிறான்' என்பதே நிகழ்கால வினைமுற்றுதான். ஆகவே செயல் முடிந்ததையும் அதன் விளைவு இப்போதும் தொடர்வதையும் சேர்த்துச் சொல்லும் 'நிகழ்கால நிறைவு' என்பதே தக்கது என்பது என் துணிபு. கராகஸில் பிறந்த இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பேயோ, 1847இல் சிலியில் வெளியிட்ட தம் இலக்கண நூலில் இதற்கு 'அந்தெப்ரெசெந்தே', அதாவது நிகழ்காலத்துக்கு முந்தையது, என்று பெயரிட்டார். அவரும் நிகழ்காலத்தை அளவுகோலாகக் கொண்டே பெயர் சூட்டியிருப்பது கருதத்தக்கது.

வடிவத்தின் பிறப்பு இன்னும் சுவையானது. 'கடிதங்களை எழுதப்பட்டனவாக வைத்திருக்கிறேன்' என்னும் பொருளில் இலத்தீனில் 'ஹபேயோ லித்தெராஸ் ஸ்க்ரிப்தாஸ்' என்றார்கள். உடைமையைக் குறித்த அந்த வினையே ஸ்பானிய மொழியில் 'அபேர்' ஆகி, காலப்போக்கில் உடைமைப் பொருளைத் 'தெனேர்' என்னும் வினையிடம் விட்டுவிட்டு, வெறும் துணைவினையாக நின்றது. 'எ எஸ்க்ரித்தோ லாஸ் கார்த்தாஸ்' என்றால் கடிதங்களை எழுதியிருக்கிறேன்; 'தேங்கோ எஸ்க்ரித்தாஸ் லாஸ் கார்த்தாஸ்' என்றால் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்பானிய மொழியில் கடிதத்தைக் குறிக்கும் சொல் பெண்பால் என்பதால், இரண்டாவது தொடரில் 'எஸ்க்ரித்தாஸ்' கடிதங்களுக்கேற்பப் பெண்பாற் பன்மையாக மாறுகிறது. முதல் தொடரிலோ 'எஸ்க்ரித்தோ' எதற்கும் மாறுவதில்லை. தமிழில் 'இரு', 'வைத்திரு' என்னும் இரண்டு துணைவினைகள் செய்யும் வேலையை அங்கே 'அபேர்', 'தெனேர்' இரண்டும் செய்கின்றன என்று கொண்டால் இந்த வேறுபாடு மனத்தில் நிற்கும்.

'அபேர்' வினை எ, அஸ், அ, எமோஸ், அபேய்ஸ், அன் என்று இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்பத் திரியும். அதன் பின் வரும் வினைவடிவம் 'ஆதோ' அல்லது 'ஈதோ' என்று முடியும். எச்சோ (செய்த), பீஸ்தோ (பார்த்த), திச்சோ (சொன்ன) போன்ற சில விதிவிலக்குகளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும்.

ஸ்பெயினின் பெரும்பகுதியில், இன்று, இந்த வாரம் போன்ற இன்னும் முடியாத காலத்துக்குள் நடந்ததற்கு இவ்வடிவம் வரும்: 'ஓய் எ கொமீதோ', இன்று சாப்பிட்டேன். நேற்று என்றால் 'அயேர் கொமீ' என்ற தனி இறந்தகாலம் வரும். ஆனால் மெக்சிகோவில் இன்று நடந்து முடிந்ததற்கும் 'ஓய் கொமீ' என்பதே இயல்பு. ஸ்பெயினுக்குள்ளேயே கலீசியாவிலும் அஸ்தூரியாஸிலும் இந்த வழக்கு உண்டு.

தமிழர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. '2010இல் மத்ரித் போயிருக்கிறேன்' என்று நாம் தயக்கமின்றிச் சொல்வோம், ஏனெனில் தமிழில் 'போயிருக்கிறேன்' என்பது அனுபவத்தைச் சொல்கிறது. ஆண்டைச் சேர்த்தாலும் இடிப்பதில்லை. ஸ்பானிய மொழியில் முடிந்துபோன ஆண்டைச் சுட்டிவிட்டால் 'ஃபுயி', அதாவது போனேன், என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்மறையிலோ நிலைமை நேர்மாறானது. 'தொதாபீயா நோ எ கொமீதோ' என்றால் இன்னும் சாப்பிடவில்லை. 'நுங்கா எ ஈதோ அ மத்ரித்' என்றால் மத்ரித்துக்கு ஒருபோதும் போனதில்லை. அங்கே இரண்டுக்கும் ஒரே நிறைவு வடிவம். தமிழிலோ 'இரு' இரண்டிலும் இல்லாமற் போய், 'சாப்பிடவில்லை', 'போனதில்லை' என்று இரு வேறு வடிவங்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன.